அமர்ந்து உண்பதும் எடுத்துச் செல்வதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழாவிற் பேசும்படி செயலாளர் கேட்டபோது, நாயன்மார் சரித்திரம் ஒன்றையே நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ சாப்பாட்டுக் கடை. கடையிலே அமர்ந்து உண்பதற்கும், பார்சலாகக் கட்டுவித்து எடுத்துச் செல்வதற்கும் உரிய ஒழுங்குகள் எவை என்பதே என் பேச்சு. "இதுவும் ஒரு பொருளா?" என்று பெரியோர் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருளுங்கள். முடிவிலே இதுவும் சமயபாடந்தான் என்பதை ஒப்புக்கொள்வீர்களென நம்புகிறேன்.

எடுத்துச் செல்லும் உணவு புதுமையானதன்று. திருக்காளத்தியிலே கண்ணப்ப நாயனார் செய்தது என்ன? இறைச்சியைப் பதமாகச் சுட்டு, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லனவற்றை இலையாற் செய்த கல்லையிலே வைத்துத் தம்பெருமானிடம் எடுத்துச் சென்றார். நமது சமய வரலாற்றிலே மிகப் புகழ்பெற்ற பார்சல் அதுவே. அதன் பெருமை இலையிலுமில்லை, இறைச்சியிலுமில்லை. பசித்திருப்பவரை நினைந்து கொண்டுபோன அன்பிலேயே இருந்தது. ஆகவே பார்சல் எடுப்பது இழிவு, அமர்ந்து உண்பதே உயர்வு என்று நான் வாதாட வரவில்லை. இரண்டிற்கும் தனித்தனி மரியாதை உண்டு.

முதலில் அமர்ந்து உண்பதை நோக்குவோம். நமது தேநீர்க் கடைகளிலே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வடை, றோல்ஸ், பணிஸ் எல்லாவற்றையும் ஒரு தட்டத்திலே நிறைத்து மேசையிற் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டியதை எடுத்து உண்டபின், எத்தனை எடுத்தோமென்று நாமே சொல்ல, அதற்குக் காசு வாங்குவார்கள். நம்முடைய சொல்லை அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவனாயிருப்பதே முதல் ஒழுங்கு. தட்டத்திலுள்ள ஒவ்வொரு வடையையும் அமுக்கிப் பார்த்துத் திரும்ப வைப்பது, அடுத்த மேசைக்காரனின் உணவைத் தொட்டுக் கெடுப்பதாகும்.

மத்தியான நேரத்திலே கடையில் இடம் நெருக்கம். உண்டு முடிந்தபின்னும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கதிரையை விடாதிருப்பது, நிற்பவன் பசியை மதியாமையாகும். அதேபோல, உண்பவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் கோப்பையை எட்டிப் பார்ப்பதும் அழகன்று. பரிமாறுபவர் நம் அடிமையல்லர். விரலைச் சொடுக்கியும், "டேய்" என்றும் அவரை அழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதுக்கேற்ப "அண்ணை" என்றோ "தம்பி" என்றோ அழைத்தால் சொதி கொஞ்சம் கூடுதலாகவே வரும்; அனுபவத்திற் சொல்கிறேன்.

நான் கல்வி பயின்றது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்திலே. அங்கே நீண்ட மேசையின் இருபுறமும் வாங்குகளில் அமர்ந்து உண்போம். உண்ணுமுன் கிறிஸ்தவ மாணவர் செபஞ் செய்வர். சைவப் பிள்ளைகளாகிய நாங்கள் மனத்துள்ளே பஞ்சாட்சரத்தை நினைப்போம். எல்லார்க்கும் பரிமாறி முடியும்வரை எவரும் கைவைப்பதில்லை. இது அவர்களுக்கே உரிய பழக்கமென்று சிறு வயதில் எண்ணினேன். பின்பு செல்வச் சந்நிதியிலே அன்னதானப் பந்தியில் அமர்ந்தபோதுதான், இதே ஒழுங்கு நம்மிடமும் உண்டென்று கண்டேன். அருகில் இருப்பவர் யாரென்று அங்கே எவரும் கேட்பதில்லை. அன்னதானக் கந்தன் என்று அப்பெருமானுக்குப் பெயர் வழங்குவதன் பொருள் அப்போது எனக்கு நன்கு விளங்கிற்று.

இனிப் பார்சலுக்கு வருவோம். கடைச் சோற்றுப் பார்சலில், கோப்பையில் முதலில் இடுவதைவிடச் சோறு கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அமர்ந்து உண்பவன் மறுமுறை கேட்டு வாங்கலாம். எடுத்துச் செல்பவன் கேட்க முடியாது. கேட்க முடியாதவனுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது கடையின் அறம். பல்கலைக்கழகத்து மாணவர் ஒரு பார்சலை இருவராய்ப் பகிர்ந்து மாதக் கடைசியை ஓட்டுவது இந்த அறத்தினாலேதான்.

அதற்கு ஈடாக நாம் செய்யவேண்டியவையும் உள. பத்துப் பார்சல் வேண்டுமானால் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். சனம் நெருங்கும் வேளையில் திடீரென்று போய்க் கேட்டு, கோப்பைக்கு முன் காத்திருப்பவனைப் பட்டினி போடலாகாது. குழம்புக்கும் சொதிக்கும் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுபோவது நன்று. முன்னாளிலே சோறு கட்டுவதற்கு வாழையிலையை நெருப்பில் வாட்டிக்கொள்வார்கள். வாட்டிய இலை கிழியாது, சோற்றுக்கும் மணம் கொடுக்கும். பின்பு பொலித்தீன் தாள் வந்தது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலிருந்து அத்தகைய உணவுத் தாள்களுக்கு அரசாங்கம் தடை விதித்தது. சட்டம் வந்தும் வீதியோரங்களும் கோயில் வீதியுந் துப்புரவாகவில்லை. எச்சில் பட்ட பொலித்தீனைப் பசு மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே நாம் கோமாதா பூசை செய்கிறோம்.

இவையெல்லாம் வெளி ஒழுங்குகள். பெரியோர்களே, நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

இன்று நாம் வசதிக்காக உணவை வெளியே எடுத்துச் செல்கிறோம். ஆனால் நமது யாழ்ப்பாணத்திலே ஒரு காலத்தில், ஒருசாராருக்கு வெளியே வாங்கிப் போவதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. காசு அதே காசுதான். தேநீரும் அதே தேநீர்தான். எனினும் அவர்கள் உள்ளே வந்து வாங்கில் அமர முடியாது. வெளியே நின்று போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. 1920களின் இறுதியிலே பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோதும் ஊர் இரண்டுபட்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியைக் காட்டி இவ்வாறு ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. அப்படியும் கடைக் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. அதன்பின் சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களிலே தேநீர்க் கடைகளுக்குள் சென்று அமர்வதற்காகவே மக்கள் போராடினர். அடிபட்டவர் பலர், உயிர் கொடுத்தவரும் உளர். 1968இலே மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிகழ்ந்ததும் அதன் தொடர்ச்சியே. ஒரு வாங்கிலே அமர்ந்து ஒரு தேநீர் குடிப்பதற்கு அத்துணை விலை கொடுக்கப்பட்டது.

அது பழங்கதை என்று நானும் எண்ணியிருந்தேன். சென்ற மாரியிலே ஓர் இரவு, விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, தொலைபேசி மூலம் கொத்து றொட்டிக்குச் சொன்னேன். என் வயதையொத்த ஒருவர் மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளிற் கொண்டுவந்து படலையில் நின்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் குசினிக்குள் ஓடினேன். அலுமாரி நிறையக் குவளைகள் இருந்தன. என் கையோ மேற்றட்டின் மூலையிலிருந்த ஒரு பழைய பேணியை எடுத்தது. தேங்காய் பறிக்க வருபவருக்கும் வேலி அடைக்க வருபவருக்கும் கொடுப்பதற்கென்று எங்கள் வீட்டிலே தனியாக வைத்திருந்த பேணி அது.

எவரும் எனக்கு அதை எடுக்கச் சொல்லவில்லை. வந்தவர் யாரென்று நான் அறியேன், கேட்கவுமில்லை. வெளியே நின்று வேலை செய்பவர் என்ற ஒன்றே போதுமாயிருந்தது. கை பழகிய வழியே போயிற்று. அந்தப் பேணியிலேயே தண்ணீர் கொடுத்தேன். அவர் உதடு படாமல் அண்ணாந்து குடித்து, "பெரிய உபகாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சமத்துவத்தைப் பற்றிப் பரீட்சையிலே பக்கம் பக்கமாய் எழுதியவன் நான். அன்றிரவு கொத்து றொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாட் காலை அந்தப் பேணியைக் கழுவி, மற்றக் குவளைகளோடு கலந்து வைத்தேன். வீட்டில் நிற்கும் நாட்களில் அதிலேதான் தேநீர் குடிக்கிறேன். என் அப்பாச்சிக்கு இது முழுச் சம்மதமன்று. ஆயினும் அவர் தடுக்கவுமில்லை. முதல் நாள் அதை இரண்டு முறை கழுவினார். இப்போது ஒருமுறைதான் கழுவுகிறார்.

இளைஞர்களே, கடை வாசலில் இருந்த தடை நீங்கிவிட்டது. ஆனால் அந்த வாசல் நம் வீட்டுப் படலைக்கு இடம் மாறியிருக்கிறதோ என்று அஞ்சுகிறேன். உணவு கொண்டுவருபவரை மழையில் நிறுத்திவைத்துச் சில்லறை தேடுகிறோம். அவர் பத்து நிமிடம் பிந்தினால் ஏசுகிறோம். நமக்குச் சோறு கொண்டுவந்தவர் தாம் உண்டாரா என்று கேட்பதில்லை. விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர் நாம்.

ஆகையால் மூன்றே விண்ணப்பங்களை உங்கள் முன் வைத்து அமைகிறேன். கடையில் அமரும்போது, அருகில் வந்து அமர்பவருக்கு முகமலர்ச்சியோடு இடங் கொடுங்கள். பார்சல் கொண்டுவருபவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, நீங்கள் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். மூன்றாவது சற்றுக் கடினமானது: இன்றிரவு வீட்டுக்குப் போனதும் குசினி மேற்றட்டை ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு தனிப் பேணி இருந்தால், நாளைக்கு அதிலே நீங்கள் தேநீர் குடியுங்கள்.

இளையவன் பேச்சிற் பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.