உளியை வைத்த பிறகு
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மாதம் நம் கிளையில் மூவர் ஓய்வு பெறுகிறார்கள். இருவர் பால்மரம் வெட்டியவர்கள், ஒருவர் செக்ரோல் எழுதிய கிராணி. மாலை போட்டோம், தேநீரும் கொடுத்தோம். நாளை காலை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. சேமநிதிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம், பொழுதைப் பற்றிப் பேச மாட்டோம்.

ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் விடியலுக்கு முன்புதான் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். மரத்தின் அந்த வழக்கத்துக்கு நம் உடம்பை முப்பது நாற்பது வருடம் பழக்கிவிட்டோம். வேலை நின்றாலும் நான்கு மணிக்குக் கண் திறந்துகொள்கிறது. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நாமறிவோம். பெரட்டு மணி கேட்டதும் எழுந்து, நெற்றி விளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் நிரைக்குப் போன பின் உள்ளே வந்து படுப்பார். இரண்டு மாதம் இப்படி. பிறகு பகலிலேயே சம்சு. ஒரு வருடம்கூட அவர் தாங்கவில்லை.

கிராணிமார் கதியும் அதுவே. ஆள் கணக்கும் பால் நிறையும் எழுதிய கை, எழுத ஒன்றுமில்லாமல் வீட்டாரை அதிகாரம் செய்யும். நாமும் கிராணிதான், அதனால் சொல்லலாம்!

தாய்மார்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு மரத்திலிருந்துதான் ஓய்வு, அடுப்பிலிருந்து இல்லை. வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை முதலில் தண்ணீர் தூக்கட்டும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகட்டும். அதில் பாதிப் பொழுது போய்விடும்.

பணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். ஊழியர் சேமநிதி 1951-இல் ஏற்பட்டது. 55 வயதில் பணத்தை எடுக்கலாம். ஆனால் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆகவே 55-இல் எடுத்து மோட்டார் சைக்கிளுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் கொட்டிவிட்டு, 60-இல் வெறுங்கையோடு நிற்பவர் உண்டு. தோட்டத்து வீடோ வேலையோடு வந்தது, வேலையோடு போகும். குடியிருக்க இடமில்லாதவனிடம் தோட்டம் போடு, கோழி வளர் என்றால் எங்கே வளர்ப்பான்? ஆகையால் 50 வயதிலேயே வீட்டுக்கு வழி பாருங்கள். வீடு இருந்தால் நாலு முருங்கை, கொஞ்சம் மரவள்ளி, ஒரு கறிவேப்பிலைக் கன்று போதும். நான்கு மணிக்கு விழித்தவனுக்கு விடிந்ததும் கையில் மண்வெட்டி இருக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்று ஓய்வு பெறுவோரின் தகப்பனும் பாட்டனும் 1942, 43-இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட காலத்தவர். தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் திரும்பாதவர் ஆயிரக்கணக்கானோர். பெயரும் தெரியாமல் போனவர் பலர். தகப்பன் சொல்லக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எந்த லயத்திலிருந்து யார் போனார், யார் வந்தார், இதைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் குற்றமில்லை. எழுத ஒரு கிராணி சும்மா இருக்கிறாரே!

அதே கிராணிக்கு மற்றொரு பணி. சேமநிதியில் வாரிசுதாரர் பெயர் பதியாமல் இறந்தவர்களின் விதவைகள் பத்திரம் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலைவதைக் கண்டிருக்கிறோம். பாரம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க மண்டபம் திறந்திருக்கும். ஓய்வு பெற்றவர்களும் பெறப் போகிறவர்களும் அடையாளக் கார்டையும் மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். முதல் நோட்டுப் புத்தகத்தை நாங்கள் வாங்கி வைக்கிறோம்.