அழித்தது யார்? காரணம் என்ன?



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், இணையத்தில் ஜனங்கள் கூடி விவாதம் செய்யும் இடங்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுகின்றாரே, அந்தக் காரியத்தைப் பற்றியதாகும். கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் சிலர், இது படித்தவர்களுக்குள் நடக்கும் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கக்கூடும். அப்படி நினைத்துவிடாதீர்கள். இன்று கூலிவேலை செய்பவர் மடியிலும் கைபேசி இருக்கின்றது. ஊர்ச்சாவடியில் நடந்த பேச்செல்லாம் அதற்குள் குடிபோய்விட்டது. பழைய சாவடியில் யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவில் நிற்கவேண்டும், யார் வாயே திறக்கக்கூடாது என்று கட்டுப்பாடு செய்தவர்கள் யார் என்பது நமக்கு நன்றாய்த் தெரியும். இந்தப் புதுச்சாவடியில் அந்தக் கட்டுப்பாட்டைச் செய்பவர் யார், என்ன சட்டத்தின்படி செய்கின்றார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அழிக்கும் வேலை செய்பவருக்கு மட்டுறுத்துநர் என்று பெயர். சில இடங்களில் இவர் சம்பளமில்லாமல் உழைக்கும் தொண்டர். சில இடங்களில் கம்பெனியின் கூலியாள். பெரிய இடங்களில் பெரும்பாலும் மனிதரே இல்லை, யந்திரந்தான். ஒருவர் இரவு அரசியல் எழுதுகின்றார், காலையில் பார்த்தால் அது இல்லை. உடனே, சர்க்கார் சொல்லி அழித்துவிட்டார்கள் என்கின்றார். அவருடைய எதிர்க்கட்சிக்காரர் எழுதியதும் அதேபோல் மறைந்துபோகின்றது. அவரும், கம்பெனிக்காரன் இவர்களுக்கு விலைபோய்விட்டான் என்கின்றார். ஒரே கம்பெனி ஒரே நாளில் இரு கட்சிக்கும் விலைபோயிருக்க முடியுமா என்று கேட்பாரில்லை. தாம் எழுதியது யார் கண்ணிலும் படாதபடி இரகசியமாய் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று சொல்லுவதும் உண்டு. அதற்கு நிழல்தடை என்று பேர் வைத்திருக்கின்றார்கள். எழுதியதை நாலு பேர் படிக்காததற்கு, அது படிக்கத் தகுந்ததாயில்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று எவரும் ஒப்புக்கொள்ளுவதில்லை!

இதற்காகச் சந்தேகப்படுகின்றவர்களையெல்லாம் பைத்தியக்காரர்கள் என்று தள்ளிவிடவும் நாம் தயாராயில்லை. குழந்தைக்கு ஜுரம் வந்தால் பேய் அடித்துவிட்டது என்கின்றவன் காரணம் தெரியாததால் சொல்லுகின்றான். பேய் பொய், ஆனால் ஜுரம் பொய்யல்லவே. எழுத்து மறைந்தது உண்மை. எதனால் மறைந்தது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. அழிக்கும் வேலையே வேண்டாம், எவரும் எதையும் எழுதட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? கேட்க நன்றாய்த்தான் இருக்கின்றது. நம் நாட்டார் பிழைக்கப்போன பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், அதைப் பார்த்தாகிவிட்டது. அங்கே சுமார் பத்து வருஷங்களுக்கு முன் கைபேசி மலிந்தபோது, அநேகருக்கு இணையம் என்றாலே பேஸ்புக் என்றாயிற்று. ரோஹிங்கியா முஸ்லிம்களை நாய் என்றும் புழு என்றும் கொல்லத் தகுந்தவர்கள் என்றும் எழுதினார்கள். 2015 ஆரம்பத்தில் இவற்றைப் படித்துப் பார்த்து நீக்குவதற்குப் பர்மிய பாஷை தெரிந்தவர்களாக அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர் பின்னால் எழுதிற்று. 2017 ஆகஸ்டில் பட்டாளம் புகுந்தது. 7 லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். இவ்வளவும் பேஸ்புக்கினால்தான் நடந்ததென்று நாம் சொல்லவில்லை, துப்பாக்கி பட்டாளத்தின் கையில்தான் இருந்தது. ஆனால் துவேஷம் பரவுவதற்கு அது உதவிற்று என்பதை 2018-ல் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய விசாரணைக் குழுவும் சொல்லிற்று. தாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்று அந்தக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. வாசலில் ஆள் இல்லாவிட்டால் உள்ளே நிலைப்பவன் தடியன்தான். வசவுக்கும் மிரட்டலுக்கும் முதலில் எழுந்துபோகின்றவர்கள் பெண்களும் தாழ்த்தப்பட்டவர்களுமே. இதை நம் நாட்டில் எழுதுகின்ற எந்தப் பெண்ணையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே வாசலில் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சட்டம் என்ன செய்தது என்பது ஒரு வேடிக்கையான கதை. அமெரிக்காவில் 1991-ல் கம்ப்யூசெர்வ் என்ற கம்பெனியின்மேல் தொடுத்த அவதூறு வழக்கு ஒன்று தீர்ப்பாயிற்று. அதன் மூலம் வெளியான ஒரு செய்திக் கடிதத்தில் தங்களைப் பற்றிப் பொய் எழுதியிருக்கின்றது என்பது பிராது. கம்பெனி எதையும் படித்துப் பார்ப்பதில்லை, புத்தகக் கடைக்காரன் மாதிரிதான் என்று சொல்லி நியூயார்க்கிலுள்ள கோர்ட்டு அதை விட்டுவிட்டது. 1995-ல் பிராடிஜி என்ற கம்பெனிக்கு அதே மாதிரி வழக்கு. இந்தக் கம்பெனியோ, தங்கள் இடம் குடும்பத்தோடு வரக்கூடிய இடம் என்று விளம்பரம் செய்து, ஆபாசத்தையும் வசவையும் நீக்கிக்கொண்டு வந்தது. அங்கே யாரோ ஒருவர், ஸ்டிராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்கு வியாபாரக் கம்பெனி மோசடி செய்வதாக எழுதிவிட்டார். 20 கோடி டாலர் கேட்டு வழக்கு. நீக்கும் வேலையைச் செய்கின்றபடியால், நீக்காமல் விட்டதற்கும் நீயே பொறுப்பாளி என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அதாவது, குப்பையைக் கண்டும் சும்மா இருந்தவனுக்கு விடுதலை, விளக்குமாற்றை எடுத்தவனுக்குத் தண்டனை! (அந்தப் பங்குக் கம்பெனியை நடத்தியவர் மோசடி செய்தது உண்மைதான் என்று 1999-ல் தாமே ஒப்புக்கொண்டார் என்பதையும் இடையில் சொல்லி வைக்கின்றோம். அவதூறு என்று அழச் சொன்னால் அயோக்கியர்கள்தான் முந்திக்கொண்டு அழுவார்கள்.)

இதைச் சரிப்படுத்த 1996-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். பிறர் எழுதியதற்குக் கம்பெனி பொறுப்பல்ல; நல்லெண்ணத்தோடு நீக்கினாலும் பொறுப்பல்ல. அவசியமான சட்டந்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்தைக் கொடுத்தார்களே தவிர, காரணம் சொல்லும் கடமையைக் கொடுக்கவில்லை. இன்றைய சந்தேகங்களுக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

அதன் பலனைப் பாருங்கள். 2016-ல் நார்வே தேசத்துப் பத்திரிகை ஒன்று, வியட்நாம் யுத்தத்தில் குண்டுத் தீயில் வெந்து உடையில்லாமல் ஓடிவரும் சிறுமியின் படத்தைப் போட்டது. உலகம் அறிந்த படம் அது. நிர்வாணம் என்று பேஸ்புக் அழித்தது. அந்நாட்டுப் பிரதம மந்திரி அதை எடுத்துப் போட்டார். அதையும் அழித்தது! உலகம் சிரித்த பிறகு திருப்பிப் போட்டது. 2020-ல் பிரேசிலில் ஒரு பெண்மணி, மார்பில் வரும் புற்றுநோயின் அடையாளங்களை மற்றப் பெண்களுக்குக் காட்டப் படங்கள் போட்டார். யந்திரம் அதை ஆபாசமென்று அழித்துவிட்டது. இதில் சதி ஒன்றுமில்லை, முட்டாள்தனந்தான். 2021 மே மாதத்தில் ஜெருசலேமில் கலகம் நடந்தபோது, அல் அக்ஸா என்ற மசூதியின் பெயரைச் சொன்ன எழுத்துக்கள் மறைந்தன. அதே பெயரைத் தாங்கிய ஆயுதக் கூட்டம் ஒன்று கம்பெனியின் தடைப்பட்டியலில் இருந்ததுதான் காரணம். அந்தக் கம்பெனியே பணம் கொடுத்து ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு 2022 செப்டம்பரில் வெளிவந்தது. வேண்டுமென்று பாரபட்சம் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் அரபியில் எழுதியவை அளவுக்குமீறி அழிக்கப்பட்டன. ஹீப்ருவில் எழுதும் துவேஷத்தைக் கண்டுபிடிக்க அப்போது யந்திரமே வைத்திருக்கவில்லை என்று அதில் கண்டிருக்கின்றது. அப்படியானால் அரபியர் சந்தேகப்பட்டது மூடத்தனமா? சதி என்றது தவறாயிருக்கலாம், அநியாயம் என்றது சரிதானே! இங்கிலீஷில் எழுதுபவனுக்கு ஒரு நீதி, தமிழில் எழுதுபவனுக்கு வேறு நீதி என்று நடந்தால் அதைக் கண்டுபிடிக்க நமக்கு வழி என்ன இருக்கின்றது?

நிற்க, சர்க்காரின் யோக்கியதையைப் பார்ப்போம். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. பிறருக்கு எரிச்சல் உண்டாக்கும்படி எழுதினால் மூன்று வருஷம் வரை ஜெயில். எரிச்சலுக்கு அளவுகோல் யாரிடம் இருக்கின்றது? 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்ததற்காகப் பம்பாய் ஸ்தம்பித்ததைப் பற்றிப் பால்கரில் ஒரு பெண் நாலு வரி எழுதினாள். இன்னொரு பெண் அதற்கு விருப்பக்குறி போட்டாள். இரண்டு பேரையும் போலீசார் பிடித்தார்கள். சட்ட மாணவி ஒருவர் வழக்காடி, 2015 மார்ச்சு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவையே செல்லாது என்று தள்ளிற்று. தள்ளி ஆறு வருஷமான பின்பும், 2021-ல், செத்த அந்தப் பிரிவின்கீழ் வழக்குகள் நடந்துகொண்டிருந்ததைக் கேட்டு அதே கோர்ட்டு திடுக்கிட்டது. செத்தவனுக்குத் திவசம் கொடுத்துப் பழகின நாடல்லவா!

அதே தீர்ப்பில் 69-ஏ என்ற பிரிவு தப்பிவிட்டது. சர்க்கார் ஓர் எழுத்தையோ கணக்கையோ மறைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போடலாம். 2009-ல் செய்த விதிகளின்படி அந்த விவகாரம் இரகசியமாய் இருக்கவேண்டும். 2021 பிப்ரவரி முதல் தேதி, விவசாயிகள் கிளர்ச்சியைப் பற்றி எழுதிவந்த பல கணக்குகள், காரவான் பத்திரிகையின் கணக்கு உள்பட, ட்விட்டரில் இந்தியாவுக்குள் மறைந்தன. அன்றைக்கே திரும்பியும் வந்தன. இப்படிப்பட்ட உத்தரவுகளை எதிர்த்துக் கர்நாடக ஹைக்கோர்ட்டுக்குப் போன அந்தக் கம்பெனிக்கு 2023 ஜூனில் 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதிக்கப்பட்டது. ஆகவே, சர்க்கார் சொல்லி அழித்தார்கள் என்கின்றவன் சில சமயம் உண்மையே சொல்லுகின்றான். எந்தச் சமயம் என்பதுதான் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கம்பெனிக்காரன் ஒரு நியாயம் சொல்லுவான்: இது எங்கள் சொந்த இடம், பிடிக்காவிட்டால் போய்விடு என்று. இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? பிராமணாள் ஓட்டல் என்று பலகை மாட்டியவனும், சொந்த ஓட்டல், சொந்தப் பலகை என்றுதான் சொன்னான். பத்துப் பேர் கூடிச் சதுரங்கத்தைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று இடம் வைத்துக்கொண்டால், அங்கே போய் அரசியல் பேசுபவனை வெளியேற்றுவது நியாயமே. அடுத்த தெருவில் வேறு இடம் உண்டு. 300 கோடிப் பேருக்கு மேல் கூடும் இடத்தைவிட்டுப் போ என்றால் எந்தத் தெருவுக்குப் போவது? கம்பெனிக்காரனுக்குக் கட்சியில்லை, ஜாதியில்லை என்பதையும் நாம் நம்பவேண்டியதில்லை. 2018 நவம்பரில் ட்விட்டர் முதலாளி ஜாக் டார்சி டில்லிக்கு வந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை உடைப்போம் என்ற வாசகமுள்ள படத்தைக் கையில் வைத்து நின்றார். கூச்சல் எழுந்தது. உடனே கம்பெனியின் பெரிய அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த இடத்தில் தினந்தோறும் வசவு வாங்கும் தாழ்த்தப்பட்ட பெண்களிடம் அவ்வளவு சீக்கிரம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 2018-ல் சாண்டா கிளாரா என்ற ஊரின் பெயரால் அறிஞர் சிலர் மூன்று கோரிக்கைகளை வெளியிட்டார்கள். எத்தனை எழுத்தை நீக்கினாய் என்று கணக்குச் சொல். நீக்கப்பட்டவனுக்குக் காரணம் சொல். அப்பீலுக்கு வழி வை. ஐரோப்பாவில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாய் அமுலில் இருக்கும் சட்டப்படி, எந்த விதியின்கீழ் நீக்கினார்கள், தீர்மானித்தது யந்திரமா என்பதையெல்லாம் எழுதியவனுக்குத் தெரிவிக்கவேண்டும். நம் நாட்டிலும் 2023-ல் அப்பீல் கேட்க மூன்று கமிட்டிகள் வைத்தார்கள். அங்கத்தினர்களை நியமிப்பது மத்திய சர்க்கார்! சர்க்காரைக் கண்டித்து எழுதியவன் சர்க்கார் கமிட்டியிடம் போய் நியாயம் கேட்கவேண்டுமாம். கமிட்டி சர்க்காருக்குக் கட்டுப்படாததாயும், காரணம் தமிழிலேயே கிடைப்பதாயும் இருக்கவேண்டுமென்று நாம் கிளர்ச்சி செய்யவேண்டும்.

இதோடு, தோழர்களே, நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகுத்தறிவுக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆஸ்திகர் ஒருவர் வந்து மரியாதையாய்க் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் அவரைத் துரத்திவிடுவது சில இடங்களில் நடக்கின்றது. இது சனாதனி செய்யும் வேலை, நம் வேலையல்ல. குழு நடத்துபவர்கள் விதிகளை முன்கூட்டியே எழுதி முகப்பில் போடுங்கள். ஒன்றை நீக்கினால் எந்த விதிப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். நீக்கியவரே அப்பீலையும் கேட்கவேண்டாம், வேறு ஒரு தோழர் கேட்கட்டும். நம் எழுத்து வேறிடத்தில் மறைந்தால், கூச்சல் போடுமுன் அதன் நகலையும் தேதியையும் எடுத்து வைத்து, அதேமாதிரி எழுதிய எதிர்க்கட்சிக்காரருடையது நிற்கின்றதா என்று பாருங்கள். நிற்குமானால் அப்போது கையில் அத்தாட்சியோடு கூச்சல் போடலாம்.

மாற்று அபிப்பிராயமுள்ளவர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். பெயர் போடவேண்டுமென்ற கட்டாயமில்லை. வசவுச் சீட்டைத் தவிர மற்றவை யாவும் இங்கேயே படிக்கப்படும். ஒதுக்கிய சீட்டு இத்தனை என்றும், ஏன் ஒதுக்கினோம் என்றும் தலைவர் சொல்லுவார்.