ஈர்ப்பலையும் நம் இளைஞரும்



2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள், பிற்பகல் 3 மணி 20 நிமிடத்திற்கு, நம் குருசுக்குப்பத்தின் வழியாக ஓர் அலை கடந்து சென்றது. அது கடலலை அன்று, ஈர்ப்பலை. கரையிலிருந்த படகையும், வகுப்பிலிருந்த பிள்ளையையும், உலகம் முழுவதையும் அது ஊடுருவிச் சென்றது. எவரும் உணரவில்லை. ஆயினும் அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் நிறுவப்பட்ட இரு கருவிகள் அதனை உணர்ந்தன.

ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி, மோதி ஒன்றாயின. அவற்றின் நிறை சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் ஆகும். அம்மோதலில் பிறந்த அலையே அன்று நம்மை வந்தடைந்தது. இத்தகைய அலைகள் உண்டு என ஐன்ஸ்டீன் 1916இலேயே கணித்துரைத்தார்.

கருவியின் அமைப்பைக் கேளுங்கள். செங்கோணத்தில் அமைந்த இரு குழாய்கள். ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளம். காற்று அகற்றப்பட்ட அவற்றுள் ஒரே லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்துச் செலுத்துவர். கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றையொன்று அழிக்குமாறு அமைத்துள்ளனர். அலை வருங்கால் ஒரு குழாயின் வழி நீளும்; மற்றொன்று குறுகும்; உடனே ஒளி மாறுபடும். அன்று நேர்ந்த மாறுபாடு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கே! தெருவில் ஓடும் லாரியின் அதிர்வு இதனினும் பெரிது. ஆனால் ஓரிடத்து லாரி மற்றோரிடத்தை அசைக்காது. இரு கருவிகளும் வினாடியில் ஆயிரத்தில் 7 பங்கு இடைவெளியில் ஒரே வடிவ அதிர்வைப் பதிந்தமையால் ஐயம் அகன்றது.

இரைச்சலினின்று அலையைப் பிரிக்க, அதன் வடிவத்தை முன்னரே கணக்கிட்டு வைத்தல் வேண்டும். அதில் நம் நாட்டார் பங்கு பெரிது. கருந்துளை அதிர்ந்து அடங்கும் பாங்கினை சி. வி. விசுவேசுவரா 1970இல் விளக்கினார். பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்துப் பாலா ஐயர், பிரெஞ்சு விஞ்ஞானிகளுடன் கூடி அலைவடிவைக் கணித்தார். புனேயில் சஞ்சீவ் துரந்தர் தேடும் முறைகளை வகுத்தார். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தாரும் 2016இல் வெளியான கண்டுபிடிப்புக் கட்டுரையில் இடம்பெற்றனர்.

மகாராட்டிர மாநிலம் இங்கோலி மாவட்டத்தில் இத்தகைய கருவியொன்றை நிறுவ, 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. தொலைவில் மேலும் ஒரு கருவி அமைந்தால், அலை வரும் திசையைத் துல்லியமாக அறியலாம். அங்கே பௌதிக அறிஞர் மட்டுமன்று; குழாய்களைப் பற்றவைப்போரும், மின்னணுவியல் கற்றோரும், கணிப்பொறி வல்லாரும் வேண்டும்.

அப்பணிகளில் நம் பிள்ளைகள் இருப்பார்களா? “உங்களுக்கு எதற்கு இந்தக் கணக்கு?” என்று கேட்போர் இன்றும் உளர். அதனை நம்பிப் பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைவிடும் நன்மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றேன். பெற்றோரே, அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். மேல்நிலை வகுப்பினர்க்குக் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றை நம் சங்கம் இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும். வாரம் இருநாள் வந்து கற்பிக்க நான் அணியமாக உள்ளேன்.