தலைப்பில்லாத எண்கள்



மடக்கை அட்டவணையை உங்களுட் பலர் கையாண்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் 1614-ஆம் ஆண்டில் மடக்கை முறையை வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஹென்றி பிரிக்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், பத்தை அடியாகக் கொண்டு, ஒன்று முதல் ஆயிரம் வரையுள்ள எண்களின் மடக்கைகளைக் கணித்து அச்சேற்றினார். அப்பெரியோர்களின் உழைப்பைப் புகழ்வது இப்போது என் நோக்கமன்று. பள்ளிகளில் வழங்கும் நான்கு இலக்க அட்டவணை எவ்வாறு அச்சிடப்பட்டுள்ளது என்பதைச் சற்று நோக்குங்கள்.

இடப்பக்க ஓரத்தில் 10 முதல் 99 வரையுள்ள எண்கள் மேலிருந்து கீழாக நிற்கின்றன. உச்சியில் 0 முதல் 9 வரையுள்ள எண்கள் இடமிருந்து வலமாக நிற்கின்றன. 47-க்கு நேராகவும் 3-க்குக் கீழாகவும் நோக்கினால் 6749 என்னும் எண் கிடைக்கிறது. இந்த 6749 தனியே நின்றால் அதற்குப் பொருள் ஏது? வீட்டு எண்ணாகவும் இருக்கலாம். வண்டி எண்ணாகவும் இருக்கலாம். ஓரத்து 47-உம் உச்சியில் உள்ள 3-உம் சேர்ந்தே அதனை மடக்கையாக்குகின்றன. அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காமல் மறுபக்கம் சென்றால், அங்கும் 0 முதல் 9 வரையுள்ள தலைப்பு மீண்டும் அச்சிடப்பட்டிருக்கும். ஈய எழுத்துகளைக் கோத்த தொழிலாளி, மறுபக்கத்தைப் படிப்பவன் முன்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கமாட்டான் என்பதை அறிந்திருந்தார். ஆகவே, அதே வரியை மறுபடியும் கோத்தார்.

இன்று அந்தத் தொழிலாளியின் இடத்தில் நாமே அமர்ந்திருக்கிறோம். கணிப்பொறியில் விரிதாள் என ஒன்று உண்டு. 1979-ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் ஆகிய இருவர் ஆக்கிய விசிகால்க் என்பது இவ்வகையில் முதலில் பெரும்புகழ் பெற்றது. 1985-இல் எக்செல் தோன்றியது. கிடைவரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண்களும், நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளும் இட்டு வழங்கும் முறை விசிகால்க்கிலேயே இருந்தது. இன்றைய எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 கிடைவரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் உள்ளன. திரையில் இப்பரப்புக்கு எல்லை இல்லாததுபோல் தோன்றும். தாளுக்கோ எல்லை உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 190 மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் உள்ளது என்று கொள்வோம். முதல் வரியில் பாடங்களின் பெயர். இடப்பக்க முதல் வரிசையில் மாணவர் பெயர். எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு என்று பாடங்கள் பிரிந்திருப்பதால் பட்டியல் இரு தாள்களின் அகலம் உடையது. ஒரு தாளில் 50 வரிகள் அடங்குமானால், நீளத்தில் நான்கு தாள்; அகலத்தில் இரண்டு; ஆக எட்டுத் தாள்கள். எக்செல் வழக்கமாக முதலில் மேலிருந்து கீழாக நான்கு தாள்களை அச்சிடும். பின்னரே வலப்பகுதிக்குச் செல்லும்.

அந்த எட்டுத் தாள்களையும் மேசைமீது பரப்புங்கள். முதல் தாளில் பெயரும் உண்டு, பாடமும் உண்டு. இரண்டு, மூன்று, நான்காம் தாள்களில் பெயர் உண்டு, பாடம் இல்லை. ஐந்தாம் தாளில் பாடம் உண்டு, பெயர் இல்லை. ஆறு, ஏழு, எட்டாம் தாள்களில் இரண்டும் இல்லை! வெறும் எண்கள் மட்டுமே நிற்கின்றன. எட்டில் ஒன்றே முழுமையாகப் பேசுகிறது.

ஏழாம் தாளில், மேலிருந்து பன்னிரண்டாவது வரியில் 34 என்று ஓர் எண் உள்ளது. தேர்ச்சிக்கு உரிய எல்லை 35 என்று கொள்வோம். இந்த 34 யாருடையது? எந்தப் பாடத்தினது? எழுத்தர் மூன்றாம் தாளை அருகில் வைத்து, அடிக்கோல் ஒன்றைக் குறுக்கே கிடத்தி, ஐந்தாம் தாளையும் மேலே வைத்துப் பார்க்கிறார். கோல் ஒரு வரி நழுவினால், தேறிய பிள்ளை தேறாதவன் ஆகிறான். குத்தூசி கழன்று தாள்கள் கலைந்தாலோ, ஆறாம் தாளுக்கும் ஏழாம் தாளுக்கும் வேறுபாடு காண வழியே இல்லை. கூட்டலில் பிழையில்லை, பதிவிலும் பிழையில்லை, எனினும் ஒரு பிள்ளையின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாமற் போகலாம்.

இதற்கு மாற்று மிக எளியது. எக்செலில் ‘பேஜ் லேஅவுட்’ என்னும் பகுதியில் ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதனைத் திறந்தால் இரண்டு கட்டங்கள் தோன்றும். ஒன்று, தாள்தோறும் மேலே திரும்ப வரவேண்டிய கிடைவரிசைகளைக் கேட்கும். மற்றொன்று, இடப்பக்கத்தில் திரும்ப வரவேண்டிய நெடுவரிசைகளைக் கேட்கும். முன்னதில் முதல் வரியையும், பின்னதில் பெயர் வரிசையையும் சுட்டிக் காட்டினால் போதும். நம் 190 மாணவர்களுக்குத் தாளுக்கு ஒரு வரி தலைப்புக்காகக் குறைந்து 49 வரிகளே எஞ்சும். ஆயினும் நான்கு தாள்கள் போதுமானவை. பெயர் வரிசை திரும்ப வருவதால் வலப்பகுதியில் இடம் சற்றுக் குறையும். அதற்கு இடம் விட்டு அகலத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். லிப்ரெஆபீஸ் கால்க் என்னும் மென்பொருளிலும், அச்சு எல்லைகளை வகுக்கும் இடத்தில் இவ்வசதி உண்டு.

இங்கே பலர் இடறும் இடங்கள் சில உள. திரையில் தலைப்பு நகராமல் நிற்குமாறு ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ என்பதனைப் பயன்படுத்துகிறோம். எக்செலில் அது திரைக்கு மட்டுமே உரியது. அச்சுக்கு அது செல்லாது. கூகுள் ஷீட்ஸிலோ, அவ்வாறு நிறுத்திய வரிசைகளே தாள்தோறும் அச்சாகுமாறு செய்ய இயலும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏமாறுவது இதனால்தான். இன்னும் ஒன்று: முதல் வரியில் பள்ளியின் பெயரையும், மூன்றாம் வரியில் பாடங்களின் பெயரையும் எழுதும் வழக்கம் நம்மிடம் மிகுதி. அங்கே முதல் வரியை மட்டும் சுட்டினால், எட்டுத் தாள்களிலும் பள்ளியின் பெயர் கம்பீரமாக விளங்கும். பாடத்தின் பெயரைக் காணோம்! அச்சு முன்தோற்றத்தின் வழியாகப் பக்க அமைப்பைத் திறந்தால், மேற்கூறிய இரு கட்டங்களும் மங்கிச் செயலற்றிருக்கும். அதனைக் கண்டு கணிப்பொறி பழுதாயிற்று என்று அஞ்ச வேண்டா. ‘பேஜ் லேஅவுட்’ வழியே சென்றால் அவை திறக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்குமாறு எழுத்தைச் சுருக்குவோரும் உண்டு. எக்செல் பத்து விழுக்காடு வரை சுருக்கித் தரும். அதனைப் படிக்கக் கழுகின் கண் வேண்டும்.

ஏ, பி, சி என்னும் எழுத்துகளையும் 1, 2, 3 என்னும் எண்களையும் அச்சிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. ‘ஹெடிங்ஸ்’ என்னும் இடத்தில் ‘பிரிண்ட்’ என்று குறியிட்டால் அவையும் தாள்தோறும் வரும். தணிக்கையாளருக்கு அவை பெருந்துணை. ‘ஜி 47-இல் உள்ள சூத்திரத்தைப் பாருங்கள்’ என்று அவர் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பட்டியலில் அவற்றுக்கு வேலையில்லை. தன் எண்ணைத் தேடி வந்த மாணவன், 47 என்பது தன் வரிசை எண்ணா, கணிப்பொறியின் வரி எண்ணா என்று மயங்கி நிற்பான்.

அச்சிடும் முன் முன்தோற்றத்தில் பலரும் முதல் தாளை மட்டும் பார்த்து நிறைவு அடைகின்றனர். முதல் தாள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கடைசித் தாளைப் பாருங்கள். நம் பட்டியலில் அது எட்டாவது தாள். அங்கே பெயரும் பாடமும் தெரிந்தால், தாளை அடுக்கி அச்சுக்கு அனுப்பலாம்.