பந்து யார் காலுக்குச் சொந்தம்?
(பெரியதாழையில் பேசிய பேச்சு)



இன்று மாலை இந்தக் கடற்கரைக்கு வந்ததும் நாம் முதலில் பார்த்தது மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கடலுக்குப் போகிறவன் பிள்ளைக்குப் பந்து எதற்கு, காலேஜ் எதற்கு? அவனவனுக்கு எழுதினதுதானே நடக்கும்" என்றார். அவர் நல்ல மனிதர்; நமக்குக் கருப்பட்டிக் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமாகையால், பேச நினைத்து வந்த விஷயத்தை நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்று தோழர் தாலிமெரன் ஆவோவைப் பற்றிச் சொல்லுகிறோம்.

அவர் 1918-ல் நாகர் மலையில் சாங்கி என்ற ஊரில் பிறந்தவர். அந்த மலை ஜனங்களைத் தலைவெட்டிகள், காட்டுமிராண்டிகள் என்று வெள்ளைக்காரனும் எழுதினான். சமவெளியில் இருந்த நம்மவர்களும் அப்படியே சொல்லிவந்தார்கள். வருண தர்மக் கணக்கில் அவர்களுக்கு இடமே கிடையாது. அப்பேர்ப்பட்ட கூட்டத்துப் பையன் கந்தல் துணியைப் பந்தாகச் சுற்றி உதைத்து விளையாடினான். தகப்பனார் ஒரு பாதிரியார். அவர் விஷக்காய்ச்சலில் மாண்டுபோனார்; தம் மகன் டாக்டராகித் தம் ஜனங்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. நோய்க்கு மருந்துதான் வேண்டும் என்று கண்ட பாதிரியாரை நாம் மதிக்கிறோம்.

பையன் ஜோர்ஹாட்டில் படித்தான், பிறகு கௌஹாத்தி காட்டன் காலேஜில் படித்தான். அங்கே ஓட்டத்திலும் பந்திலும் பேர் வாங்கினான். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். (இனி ‘அவர்’ என்றே சொல்லுவோம்.) மறுவருஷமே மோகன் பகான் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது, பின்னால் அதற்குக் காப்டனாகவும் ஆனார். இந்தச் சங்கம் இலேசானதல்ல. 1911-ல் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு நின்று வெள்ளைப் பட்டாளத்துக் கோஷ்டியைத் தோற்கடித்த சங்கம்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்துக் கோஷ்டிக்கு ஆவோதான் காப்டன். ஆரம்ப ஊர்வலத்தில் கொடியைப் பிடித்துச் சென்றவரும் அவரே. எந்தக் கூட்டத்தைக் காட்டுமிராண்டி என்றார்களோ அந்தக் கூட்டத்து மகன் கையில் கொடி! சாஸ்திரக்காரர்கள் யாரும் அப்போது ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 31-ல் பிரான்சோடு ஆட்டம். நம்மவரில் பெரும்பாலோருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. சாரங்கபாணி ராமன் பதிலுக்கு ஒன்று போட்டார். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் வீணாயிற்று. முடிகிற நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு ஜெயித்தது. பெரியவர் இதையும் தலையெழுத்து என்பார். அதே கால் இன்னும் நூறு தடவை பெனால்டி உதைத்துப் பழகியிருந்தால் எழுத்து மாறியிருக்குமா, மாறாதா என்று அவரே யோசிக்கட்டும்.

வெறுங்கால் ஆட்டத்தைப் பாரதப் பெருமை என்று இன்றும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அதே பெருமையோடு 1952-ல் ஹெல்சிங்கிக் குளிருக்குப் போனோம். யுகோஸ்லாவியாவிடம் 10-க்கு 1 என்று தோற்றுத் திரும்பினோம். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற புத்தி வந்தது. இல்லாமையை ஆசாரமாக்கிக் கும்பிடுவது நமக்குப் பழக்கமாய்ப் போய்விட்டது.

உங்கள் பாட்டன்மார் முத்துக்குளித்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று ‘கடல்கட்டி’ என்ற மந்திரக்காரன் இருந்தானல்லவா? அவன் கரையில் நின்று முணுமுணுப்பான். அவன் இல்லாவிட்டால் ஆள் இறங்கமாட்டான் என்று வெள்ளைக்கார சர்க்காரும் அவனுக்குக் கூலி கொடுத்தது. மூச்சடக்கிக் கீழே போய் முத்தை எடுத்தவன் யார்? 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று. கடல்கட்டிதான் இன்னும் போகவில்லை. தகுதியும் திறமையும் பிறப்பில் வருகிறது என்று சொல்லி, மூச்சடக்கினவன் பங்கைத் தின்கிறவன் எவனும் கடல்கட்டியே.

லண்டனிலிருந்து திரும்பிய ஆவோ பந்தே போதும் என்று இருந்துவிடவில்லை. மறுபடியும் புத்தகத்தை எடுத்தார். 1942-ல் சேர்ந்தவர் 1950-ல்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். எட்டு வருஷம்! தாமதம்தான். "பந்தா, படிப்பா, ஒன்றை விடு" என்று பிள்ளையை மிரட்டுகிற தகப்பன்மார் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அவர் இரண்டையும் விடவில்லை. கல்கத்தாவில் கிளினிக் வைத்திருந்தால் பணம் குவிந்திருக்கும். அவரோ கோஹிமா ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு நாகாலாந்துக்கே சுகாதார இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998-ல் காலமானார்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. மணலில் நாம் பார்த்தது ஆண்பிள்ளைகளை மாத்திரமே. பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று, வெளியே போன பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் எடுத்துப் போட்ட பந்து ஆட்டக்காரன் உதைத்ததைவிடத் தூரமாய்ப் போயிற்று. அந்தப் பெண்ணின் தாயார் இந்தக் கூட்டத்தில் இருந்தால், நாளை மாலை அவளை உள்ளே விடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.