பாட்டியின் முகத்துக்கு ஏற்ற நிறம்

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரைப் பென்சிலால் வரைந்தோம். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கான படம் அது. இம்முறை கணினியில் வண்ணம் தீட்டிப் பார்ப்போமே என்று துணிந்தோம். கிரிட்டா என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் கணினியில் ஓவியம் அமைகிறது. கோடுகள் மேல் தாளில், வண்ணம் கீழ்த் தாளில். வண்ணம் பிசகினால் அந்தத் தாளை மட்டும் அழிக்கலாம், கோடு கெடாது.

சிக்கல் நிழலில்தான் வந்தது. பாட்டியின் கன்னத்தில் சாம்பல் நிறத்தைப் பூசினோம். முகம் நீறு பூத்ததுபோல் ஆகிவிட்டது. “பேசாமல் சிவப்பாக்கிவிடலாமே” என்றான் கூட இருந்த பையன். பாட்டி கறுப்பாயிற்றே! நாங்கள் ஒப்பவில்லை.

பிறகு ‘மல்டிப்ளை’ எனும் பெருக்கல் முறையை முயன்றோம். இதில் மேல் நிறத்தையும் கீழ் நிறத்தையும் கணினி பெருக்குகிறது. வெள்ளைக்கு மதிப்பு 1, கறுப்புக்கு 0. பாதி வெளிச்சம் 0.5, அதை அதே 0.5-ஆல் பெருக்கினால் 0.25. ஆகவே நிறம் இருளும். அடியிலுள்ள பழுப்போ மறைவதில்லை. சாம்பலுக்குப் பதிலாகச் செம்பழுப்பை வைத்தோம். கன்னத்தில் இரத்தம் ஓடிற்று!

அச்சில் இலைப்பச்சை மட்டும் மங்கிற்று. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகிறது; அச்சகமோ நான்கு மைகளால் காட்டுகிறது. திரையின் பளிச்சென்ற பச்சை மைக்கு எட்டாது.

பாட்டியிடம் மலரைக் கொடுத்தோம். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டுக்கத்தியைப் பிடித்த விதம்தான் தவறாம்!