நீதிபதிக்கு எஜமான் யார்?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நீதி தேவதை கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்திருப்பதாகப் படம் எழுதுகிறார்கள். அந்தத் தேவதையையும் மற்றத் தேவதைகளோடு சேர்த்து ஒதுக்கி வையுங்கள். நீதி சொல்லுகிறவர் மனிதர். சர்க்கார் பணத்தில் சம்பளம் வாங்குகிற மனிதர். அவர் சர்க்காருக்குப் பயப்படாமலிருக்க என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி.

இங்கே சிப்காட்டில் கான்ட்ராக்ட் கூலியாக இருக்கும் தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அடுத்த மாதம் வேலை உண்டா என்பது மேஸ்திரி கையிலிருக்கும்போது, மேஸ்திரியின் தப்பைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

போலந்து சர்க்கார் 2018-ல் இதைத்தான் செய்தது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 65 ஆக்கி, வேலையிலிருந்தவர்களுக்கும் அதையே பொருத்தி, மேற்கொண்டு இருக்க ஜனாதிபதியின் தயவைக் கேள் என்றது. கோர்ட்டை அமைப்பது எங்கள் சொந்தக் காரியம் என்றும் வாதாடிற்று. ஐரோப்பிய யூனியனின் லக்சம்பர்க் கோர்ட்டு 2019 ஜூன் 24-ல் இதை ஒப்பவில்லை. அமைப்பது உன் அதிகாரந்தான். ஆனால் யூனியன் சட்டப்படி ஜனங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் கோர்ட்டு சுயேச்சையாயிருக்கும்படி பார்ப்பது உன் கடமை என்று தீர்ப்பளித்தது.

நம் தேசத்துக் கதை என்ன? 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்குத் தீர்ப்பு. (வழக்காடினவர் ஒரு மடாதிபதி, அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) அரசியல் சட்டத்தின் அடிப்படையைப் பார்லிமெண்டும் அழிக்க முடியாதென்றது அத்தீர்ப்பு. மறுநாளே, ஷேலத், ஹெக்டே, குரோவர் என்ற மூத்தவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜிநாமாச் செய்தார்கள். 1976-ல், நெருக்கடி நிலையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவன் தன் விடுதலைக்காகக் கோர்ட்டுக்கு வரமுடியாதென்று நால்வர் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். கூலி என்ன? 1977-ல் அவரைத் தாண்டி பெய்க் தலைமை நீதிபதியானார். கன்னாவும் வெளியேறினார்.

1979-ல் இந்தியா ஐ.நா.வின் சிவில், அரசியல் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. சுயேச்சையான கோர்ட்டு வேண்டுமென்று அதன் 14-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் லக்சம்பர்க்கைப் போல நம்மைத் தட்டிக்கேட்க மேலே ஒரு கோர்ட்டு கிடையாது. அந்த வேலை ஜனங்கள் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்று. சுயேச்சை என்றால் ஒரு சில ஜாதியாரின் ஏகபோகம் என்று யாரும் அர்த்தம் செய்யவேண்டாம். சுப்ரீம் கோர்ட்டு 1950-ல் ஏற்பட்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் நீதிபதியாக நம் மாகாணத்து ஏ. வரதராஜன் அங்கே உட்கார்ந்தது 1980-ல். முப்பது வருஷம் அங்கே யாருக்கும் தகுதியில்லையா? சர்க்கார் பிடியிலிருந்து நீதிபதியைக் காப்பாற்றச் சொல்லுகிற நாமே, நீதிபதிகளே நீதிபதிகளைப் பொறுக்கும் இன்றைய முறையில் நம் பிள்ளைகளுக்குப் பங்கு எங்கே என்றும் கேட்கவேண்டும்.

இரவு ஷிப்டுக்குப் போகும் தோழர்களுக்கு நேரமாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் இப்போதே கேட்கலாம்.